கிளை கழிக்கும் கலை

இளம் அறிவியல் (இயற்பியல்), மூன்றாம் ஆண்டு

மரம் வெட்டுதல் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது, ஓங்கிய கோடரி அடிமரத்தில் இறங்குவதும், மரம் முறிந்து சாய்வதுமான காட்சியே ஆகும். கதைகளிலும் திரைப்படங்களிலும் அக்காட்சியோடு மரவெட்டியின் வேலை முடிந்துவிடுகிறது. உண்மையிலோ மரம் சாய்ந்த பின்னர்தான் அவனுடைய வேலையின் பெரும்பகுதி தொடங்குகிறது. சாய்ந்து கிடக்கும் மரத்தின் கிளைகளை ஒன்றன்பின் ஒன்றாக, தண்டை ஒட்டி வெட்டி நீக்கி, வண்டியில் அடுக்கத்தக்க கழியாக அதனை ஆக்க வேண்டும். இப்பணியைக் ‘கிளை கழித்தல்’ என்று எங்கள் பக்கத்தில் கூறுவர்.

இப்பொருளுக்கும் ஓர் இயற்பியல் மாணவனுக்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் கேட்கலாம். என் தந்தையார் கடற்கரையோரச் சவுக்குத் தோப்புகளில் மரம் வெட்டும் தொழிலாளி. அவருக்குக் கூலி டன் கணக்கில் வழங்கப்படுகிறது. பருத்த மரங்கள் நிற்கும் தோப்பு கிடைத்தால் அந்த வாரம் வீட்டில் மகிழ்ச்சி. மெலிந்த மரங்கள் நிற்கும் தோப்பு கிடைத்தால், “நாள் பூரா வெட்டினாலும் மிலாறுதான் மலையா குவியுது; எடை ஏறல” என்று சலித்துக்கொள்வார். அவருடைய இடது முழங்காலின் கீழே நான்கு விரற்கடை நீளத்திற்கு ஒரு தழும்பு உண்டு. கிளை கழிக்கும்போது வெட்டுக்கத்தி சறுக்கி வந்து விழுந்த தழும்பு அது. நான் ஆறாம் வகுப்புப் படித்த ஆண்டில் அவர் இரண்டு மாதங்கள் வேலைக்குச் செல்ல இயலாமல் வீட்டில் இருந்தார்.

சென்ற ஆண்டு நம் கல்லூரி நூலகத்தில், தொழில் செய்வோரின் உடலியல் பற்றிய பழைய நூல் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதில் சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளின் மரவெட்டிகள் கிளை கழிக்கும் முறையைப் பற்றித் தனி ஆய்வே நடந்திருப்பதைக் கண்டு வியந்தேன். அதன்பின் தேடிப் படித்தவற்றின் சாரமே இக்கட்டுரை. சிறிய மென்மரங்களின் கிளைகளை விரைவாகக் கழிப்பது எப்படி? அந்த விரைவுக்கு விலை கொடுப்பவர் யார்? இவ்விரு வினாக்களுக்கும் என்னால் இயன்ற அளவு விடை காண முயல்கிறேன்.

மென்மரம் என்பது யாது?

பைன், ஸ்புரூஸ், ஃபர் போன்ற ஊசியிலை மரங்களின் மரக்கட்டையையே ‘மென்மரம்’ என்று வணிகத்தில் வழங்குவர். இப்பெயர் தொட்டுப் பார்த்து இட்டதன்று. தாவரவியல் பிரிவைக் கொண்டு இட்டது. மிகவும் இலேசான பால்சா மரம், பூக்கும் தாவரமாகையால் ‘வன்மரம்’ என்னும் பிரிவில் சேர்கிறது. நம் சவுக்கும் அவ்வாறே. அதன் இலைகள் ஊசிபோல் தோன்றினாலும் அவை உண்மையில் கணுக்களோடு கூடிய நுண் கிளைகள். சவுக்கும் பூக்கும் தாவரமே. எனவே என் தந்தையார் வெட்டும் மரமும் வட ஐரோப்பியர் வெட்டும் மரமும் ஒரே இனத்தவை அல்ல. எனினும் இரண்டும் மெலிந்த நெடிய தண்டும் எண்ணற்ற சிறு கிளைகளும் கொண்டவை. அதனால் வெட்டுவோருக்கு உண்டாகும் தொல்லை ஒன்றே.

சுவீடன், பின்லாந்து நாடுகளின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டது காடு. அங்கே மிகுதியாக வளர்பவை ஸ்காட்டுப் பைனும் நார்வே ஸ்புரூசும் ஆகும். காடு இளமையாக இருக்கும்போதே மரங்களுக்கிடையே உள்ள நெருக்கத்தைக் குறைப்பதற்காகச் சிலவற்றை வெட்டி எடுப்பர். நம் வயல்களில் பயிர் கலைத்துவிடுவதைப் போன்றது இது. இவ்வாறு கலைக்கும்போது கிடைக்கும் மெலிந்த மரங்களே காகிதக் கூழுக்குச் செல்கின்றன.

கொடைக்கானலுக்குச் சுற்றுலா சென்ற நண்பர்கள் அங்குள்ள பைன் காட்டைக் கண்டிருப்பீர்கள். பைன் மரத்தில் கிளைகள் தாறுமாறாகக் கிளம்புவதில்லை. குடைக் கம்பிகள் ஒரு வளையத்திலிருந்து விரிவதைப் போல, தண்டில் ஒரே மட்டத்திலிருந்து சுற்றிலும் பல கிளைகள் விரிகின்றன. இதனைக் ‘கிளைச்சுற்று’ எனலாம். ஸ்காட்டுப் பைன் ஆண்டுக்கு ஒரு சுற்று விடும். இரண்டு சுற்றுகளுக்கு இடையே தண்டு பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். ஸ்புரூஸ் மரத்திலோ சுற்றுகளுக்கு இடையிலும் மெல்லிய கிளைகள் அடர்ந்திருக்கும். இந்த வேறுபாட்டை நினைவில் கொள்வது நல்லது. பின்னர்க் கூறப்போகும் இரண்டு முறைகளும் இதிலிருந்தே பிறந்தவை.

சிறிய மரத்தின் கணக்கு

மெலிந்த மரத்தை வெட்டுவோர் ஏன் நட்டப்படுகின்றனர் என்பதற்கு ஓர் எளிய கணக்கே போதும்.

நடுப்பகுதியில் 20 செ.மீ. விட்டமும் 16 மீட்டர் நீளமும் உள்ள ஒரு மரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் கன அளவு ஏறத்தாழ 0.5 கன மீட்டர். விட்டமும் நீளமும் இதில் பாதியாக, அதாவது 10 செ.மீ. விட்டமும் 8 மீட்டர் நீளமுமாக உள்ள மரத்தின் கன அளவு 0.063 கன மீட்டர்தான். அளவுகள் பாதியானால் கன அளவு எட்டில் ஒன்றாகிவிடுகிறது. ஆகவே ஒரு கன மீட்டர் மரம் சேர்க்கப் பெரிய மரங்கள் இரண்டு போதும். சிறிய மரங்களோ பதினாறு வேண்டும்.

இனி, கிளைகளை எண்ணுவோம். பெரிய மரத்தில் 100 கிளைகள் என்றும் சிறிய மரத்தில் 60 கிளைகள் என்றும் வைத்துக்கொண்டால், ஒரு கன மீட்டருக்குப் பெரிய மரத்தில் 200 வெட்டுகளும் சிறிய மரத்தில் 960 வெட்டுகளும் தேவைப்படும். சிறிய மரத்தின் கிளைகள் மெல்லியவை என்பது உண்மையே. ஆனால் ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குக் கருவியை நகர்த்தவும், காலை எடுத்து வைக்கவும், ஒரு மரத்தை முடித்து அடுத்த மரத்திற்குச் செல்லவும் ஆகும் நேரம் கிளை மெலிந்ததால் குறைந்துவிடுவதில்லை.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை புலனாகிறது. சிறிய மரத்தில் நேரத்தை விழுங்குவது வெட்டு அன்று. வெட்டுக்கும் வெட்டுக்கும் இடையில் நிகழும் அசைவே. எனவே கத்தியை மேலும் கூராக்குவதாலோ, இயந்திரத்தின் குதிரைத் திறனைக் கூட்டுவதாலோ மட்டும் விரைவு வந்துவிடாது. வீண் அசைவுகளைக் குறைக்க வேண்டும். அல்லது பல மரங்களை ஒரே நேரத்தில் கையாள வேண்டும். அல்லது கழிக்க வேண்டிய கிளைகளையே குறைக்க வேண்டும். இம்மூன்று வழிகளையும் வரிசையாகக் காண்போம்.

கோடரி கற்பித்தவை

இயந்திரங்கள் வருவதற்கு முன்னர் வட ஐரோப்பியர் கிளை கழித்தது கோடரியால்தான். அவர்கள் கண்ட விதிகள் மூன்று.

முதலாவது, அடியிலிருந்து நுனி நோக்கிச் செல்லுதல். கிளை பெரும்பாலும் தண்டோடு நுனிப்பக்கத்தில் குறுங்கோணமும் அடிப்பக்கத்தில் விரிகோணமும் அமைத்து நிற்கும். அடிப்பக்கத்திலிருந்து, அதாவது விரிகோணத்தின் வழியே வெட்டினால் கிளை தண்டை ஒட்டித் துண்டாகும். கவட்டின் உள்ளே, குறுங்கோணத்தில் வெட்டினால் கோடரி தண்டின் நாரைப் பிளந்துகொண்டு உள்ளே இறங்கும். கிளையும் முழுமையாக விழாது. அதனை மீண்டும் ஒருமுறை வெட்ட நேரிடும்.

இரண்டாவது, நிற்கும் இடம். தண்டுக்கு இடப்புறம் நின்றுகொண்டு வலப்புறக் கிளையை வெட்ட வேண்டும். அதாவது கோடரிக்கும் காலுக்கும் இடையே எப்போதும் மரம் இருத்தல் வேண்டும். கோடரி சறுக்கினாலும் அது மரத்தில் மோதுமேயன்றிக் காலில் விழாது. இந்த வரியைப் படித்தபோது நான் நூலை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். என் தந்தையாரின் தழும்புக்குக் காரணம் அவருடைய கவனக்குறைவு என்றுதான் நாங்கள் அனைவரும் அதுவரை நம்பியிருந்தோம். அவரும் அப்படியே நம்பியிருந்தார். எங்கு நிற்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை என்பதே உண்மை.

மூன்றாவது, காலம் அறிதல். வடநாட்டுக் கடுங்குளிரில் மரத்தில் உள்ள நீர் உறைந்து, மெல்லிய கிளைகள் நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். கோடையில் வளைந்து கொடுத்து வெட்டுக்கு நழுவும் கிளை, குளிர்காலத்தில் ஒரே தட்டில் முறியும். எனவே குளிர்காலமே அவர்களுக்கு மரம் வெட்டும் பருவமாக இருந்தது. வெட்டிய மரத்தைப் பனியின்மேல் இழுத்துச் செல்வதும் எளிதாயிற்று.

சங்கிலி ரம்பமும் நெம்புகோல் முறையும்

1926-ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஆந்திரியாஸ் ஸ்டீல் என்பவர் மின்சாரத்தால் இயங்கும் சங்கிலி ரம்பத்தை உருவாக்கினார். 1929-இல் பெட்ரோல் ரம்பம் வந்தது. தொடக்க கால ரம்பங்களை இருவர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது. அவை மரத்தைச் சாய்க்கவும் துண்டாக்கவும் உதவினவேயன்றிக் கிளை கழிக்க உதவவில்லை. அமெரிக்காவில் ஜோ காக்ஸ் என்பவர் 1946-இல், மரத்தைத் துளைக்கும் வண்டின் புழு தன் தாடைகளை இடமும் வலமும் அசைத்து மரத்தைச் சுரண்டுவதைக் கூர்ந்து நோக்கினார். அதனைப் பின்பற்றி அவர் அமைத்த வளைந்த பல் கொண்ட சங்கிலியே இன்றுள்ள சங்கிலிகளுக்கு முன்னோடி. 1950-களில் ஒருவரே தூக்கத்தக்க ரம்பங்கள் பெருகின. 1960-களில் வட ஐரோப்பியக் காடுகளில் கிளை கழிக்கும் கோடரி ஓய்வு பெற்றது.

ஆனால் கருவி மாறியதும் விரைவு தானாக வந்துவிடவில்லை. தொழிலாளர்கள் ரம்பத்தைக் கோடரியைப் போலவே தூக்கித் தூக்கி வெட்டினர். கைகளும் முதுகும் சோர்ந்தன. இங்கேதான் இயற்பியல் துணைக்கு வருகிறது. ஐந்து கிலோ எடையுள்ள ரம்பத்தை அசையாமல் கையில் பிடித்து நின்றால் நம் பாடநூலின்படி செய்யப்பட்ட வேலை சுழியாகும். ஏனெனில் இடப்பெயர்ச்சி இல்லை. தசைக்கு அந்தச் சூத்திரம் தெரியாது. எடையைத் தாங்கி நிற்கும் தசை இடைவிடாது சுருங்கியபடி ஆற்றலைச் செலவிட்டுக்கொண்டே இருக்கிறது. இறுகிய தசைக்குள் இரத்த ஓட்டமும் தடைப்படுவதால் அது விரைவில் களைக்கிறது. ஆகவே ரம்பத்தின் எடையைக் கையிலிருந்து இறக்கிவிடுவதே முதல் வெற்றி.

இந்த எண்ணத்தில் பிறந்ததே சுவீடனில் கற்பிக்கப்படும் நெம்புகோல் முறை. ரம்பத்தின் உடலைத் தண்டின்மீது சாய்த்து வைக்க வேண்டும். அல்லது வலத் தொடையில் தாங்க வேண்டும். தண்டைத் தாங்குபுள்ளியாகக் கொண்டு, பிடியைச் சிறிது அசைத்தால் ரம்பத்தின் அலகு கிளையை வெட்டிவிடும். கை ரம்பத்தைத் தூக்குவதில்லை. திருப்ப மட்டுமே செய்கிறது. இதற்கு நீண்ட அலகு உதவாது. 33 முதல் 38 செ.மீ. வரை நீளமுள்ள குட்டை அலகே ஏற்றது.

வெட்டும் வரிசையும் வகுக்கப்பட்டுள்ளது. தொழிலாளி தண்டின் இடப்புறம் நிற்கிறார். முதல் கிளைச்சுற்றில் வலப்பக்கக் கிளை, மேற்கிளை, இடப்பக்கக் கிளை என்று வெட்டுகிறார். அடுத்த சுற்றுக்கு ரம்பம் இடப்பக்கத்திலேயே முன்னேறி, இடப்பக்கக் கிளை, மேற்கிளை, வலப்பக்கக் கிளை என்று திரும்பி வருகிறது. இரண்டு சுற்றுகளுக்கு ஆறு நிலைகள். ஆகவே இதனை ‘ஆறு புள்ளி முறை’ என்றும் கூறுவர். தறியில் ஓடம் இடமிருந்து வலம் போகும்போதும் நெய்கிறது. வலமிருந்து இடம் திரும்பும்போதும் நெய்கிறது. வெறுமனே திரும்பும் பயணம் அதற்கு இல்லை. இம்முறையிலும் ரம்பத்திற்கு வெறும் பயணம் இல்லை. தண்டின் அடியில் உள்ள கிளைகளை, மரத்தைப் புரட்டிய பின்னர் ஒரே மூச்சில் கழிப்பர்.

சுற்றுகளாகக் கிளை விடும் பைனுக்கு இது மிகப் பொருந்தும். மெல்லிய கிளைகள் எங்கும் அடர்ந்த ஸ்புரூசுக்கு வேறொரு முறை உண்டு. ரம்பத்தைத் தண்டின் நெடுக, ஊசல் ஆடுவதைப் போல முன்னும் பின்னும் வீசிச் செல்வர். முதலில் ஒரு பக்கம், பின்னர் மேற்புறம், அதன்பின் மறுபக்கம் எனக் கிளைகள் வரிசையாக உதிரும்.

இம்முறைகளில் கைவிடாது காக்க வேண்டிய விதிகள் சில உள்ளன. ரம்பம் தண்டின் மறுபுறம் இருக்கும்போது மட்டுமே காலை எடுத்து வைக்க வேண்டும். கோடரி கற்பித்த விதியே இங்கும் தொடர்கிறது. அலகின் மூக்கில் மேற்பாதி எதன்மீதும் படக்கூடாது. பட்டால் சங்கிலியின் ஓட்டம் அலகை மேல்நோக்கி, வெட்டுபவர் முகத்துக்கே எறியும். தரையில் அழுந்தி வில்லாக வளைந்திருக்கும் கிளையை ஒரே வெட்டில் துண்டிக்கக் கூடாது. அழுத்தத்தைச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும்.

இவற்றோடு மற்றொரு சிறந்த உத்தியும் உண்டு. முதலில் ஓரிரு மரங்களைச் சாய்த்துக் குறுக்கே கிடத்திவிட்டு, மற்ற மரங்களை அவற்றின்மேல் விழுமாறு சாய்ப்பர். அப்போது மரம் தரையில் கிடக்காமல் முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட உயரத்தில், மேசைமீது வைத்ததுபோல் கிடக்கும். குனிய வேண்டுவதில்லை; புரட்டுவதும் எளிது. இதற்கு ஒரு காசும் செலவில்லை.

விரைவின் விலை

சங்கிலி ரம்பத்தின் நன்மையைப் பாடிவிட்டு அதன் தீமையை மறைப்பது நேர்மையாகாது.

அமெரிக்காவில் மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் 1918-ஆம் ஆண்டு, காற்றழுத்தச் சுத்தியலால் சுண்ணாம்புக்கல் செதுக்கும் தொழிலாளர்களை ஆராய்ந்தார். குளிர் நேரங்களில் அவர்களுடைய விரல்கள் வெளுத்து மரத்துப் போவதற்குக் கருவியின் அதிர்வே காரணம் என்று காட்டினார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பின்னர், அதே நோய் காடுகளில் தோன்றியது. நாள் முழுதும் ரம்பத்தைப் பிடித்த கைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்களும் நரம்புகளும் பழுதுற்றன. விரல் நுனிகள் மெழுகுபோல் வெளுத்தன. சட்டைப் பொத்தானைப் போடவும் இயலாத நிலை சிலருக்கு வந்தது.

பின்லாந்தின் சுவோமுஸ்சால்மி என்னும் வட்டாரத்தில் மரவெட்டிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். 1972-இல் அவர்களுள் 40 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. 1990-இல் அது 5 விழுக்காடாகக் குறைந்தது. இந்த மாற்றத்திற்கு முதன்மையான காரணம் ரம்பத்தின் அமைப்பில் ஏற்பட்ட திருத்தமே. இயந்திரத்திற்கும் கைப்பிடிக்கும் இடையே இரப்பர் அல்லது சுருள்வில் தாங்கிகளைப் பொருத்தியதாலும், ரம்பத்தின் எடையைக் குறைத்ததாலும், கைக்கு எட்டும் அதிர்வு பலமடங்கு தணிந்தது. அலகு மேலே எறியும்போது சங்கிலியை உடனே நிறுத்தும் தடையும் 1970-களில் பரவியது.

விபத்துக்கு மற்றொரு காரணம் கூலி முறையில் இருந்தது. சுவீடன் நாட்டில் காட்டுத் தொழிலாளர்களுக்கு வெட்டிய அளவுக்கே கூலி வழங்கப்பட்டு வந்தது. அளவுக்குக் கூலி என்றால் விதிகளை மீறியேனும் வேகமாக வெட்டத் தூண்டும். 1975-ஆம் ஆண்டு அத்தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்து மாதச் சம்பளம் கோரினர். அதன்பின் அளவுக் கூலி பெரும்பாலும் கைவிடப்பட்டது. ஒரு நாளில் வெட்டப்படும் மரம் ஓரளவு குறைந்தது, விபத்துகளும் குறைந்தன. எது உண்மையான விரைவு என்னும் வினா இங்கே எழுகிறது. நாள் கணக்கில் முந்துகிறவர், ஆயுள் கணக்கில் பிந்திவிடக்கூடும்.

இயந்திரங்களின் வருகை

1970-களில் வட ஐரோப்பாவில் கிளை கழிக்கும் பெரிய இயந்திரங்கள் காட்டுக்குள் நுழைந்தன. இன்று அங்கே பெரும்பாலான மரங்களை வெட்டுவது ‘ஆர்வெஸ்டர்’ என்னும் இயந்திரமே. அதன் நீண்ட கரத்தின் முனையில் ஒரு தலை உண்டு. அத்தலை நிற்கும் மரத்தைக் கவ்வி, அடியில் அறுத்து, கிடையாகச் சாய்த்து, பல் கொண்ட உருளைகளால் உள்ளிழுக்கிறது. தண்டைத் தழுவிய வளைந்த கத்திகள் கிளைகளைச் சீவித் தள்ளுகின்றன. கரும்பின் சோகையைக் கையால் உருவுவதைப் போன்ற செயல் இது. மரம் உள்ளே ஓடும் வேகம் வினாடிக்கு 4 அல்லது 5 மீட்டர். எட்டு மீட்டர் நீளமுள்ள சிறு மரத்தைக் கழிக்க இரண்டு வினாடி போதும்!

ஆயினும் நாம் முன்பு போட்ட கணக்கு இவ்வியந்திரத்தையும் விடுவதில்லை. கரத்தை நீட்டவும், மரத்தைக் கவ்வவும், அறுக்கவும், வெட்டியதை அடுக்கவும் ஆகும் நேரம் பெரிய மரத்திற்கும் சிறிய மரத்திற்கும் ஏறத்தாழ ஒன்றே. கழிக்கும் நேரம் இரண்டு வினாடியானாலும், மற்ற அசைவுகளே நேரத்தை உண்டுவிடுகின்றன. இதனால்தான் சிறு மரங்களுக்கென, இரண்டு மூன்று மரங்களை ஒருசேரக் கவ்விக் கழிக்கும் தலைகளை அமைத்துள்ளனர்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் லோப்லாலி பைன் தோட்டங்களில் கையாளும் முறை எளிமையால் என்னைக் கவர்ந்தது. அங்கே கனத்த இரும்புக் கிராதி ஒன்றை, நிற்கும் மரங்களில் முட்டுக் கொடுத்து நிறுத்திவிடுகின்றனர். இழுவை இயந்திரம் ஒரு கட்டு மரங்களின் அடிப்பகுதியைக் கவ்விக்கொண்டு பின்னோக்கி வந்து, அவற்றின் நுனிகளைக் கிராதியின் கண்களுக்குள் தள்ளுகிறது. கிளைகள் கம்பிகளில் மாட்டி, அடிப்பக்கமாக மடங்கி முறிகின்றன. அந்தக் கிராதியில் அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லை. கட்டைகள் முழு வழவழப்பாக வருவதில்லை. கட்டுக்கு நடுவே உள்ள மரங்களில் கிளைத்துண்டுகள் எஞ்சும். பலகைக்கு அது குற்றம், கூழுக்குப் பெருங்குற்றமன்று.

மற்றொன்று சங்கிலி அடிப்பான். சுழலும் உருளைகளில் தொங்கும் பல சங்கிலித் துண்டுகள், உள்ளே செல்லும் மரங்களை அடித்து அடித்துக் கிளைகளையும் பட்டையையும் ஒருசேர உதிர்க்கின்றன. பல சிறு மரங்களை ஒரே நேரத்தில் இதற்குள் செலுத்தலாம். சங்கிலிகள் விரைவில் தேய்வது இதன் குறை.

கழிக்காமலே விடலாமா?

மூன்றாவது வழி, கழிக்கும் தேவையையே குறைப்பது. கிளையோடு கூடிய முழு மரத்தையும் எடுத்துச் சென்று, துண்டுதுண்டாக்கி எரிபொருளாக்கினால் கழிக்கும் வேலையே இல்லை. சுவீடனிலும் பின்லாந்திலும் வெப்பமும் மின்சாரமும் ஆக்கும் நிலையங்களுக்கு இவ்வாறு மரம் செல்கிறது.

ஆனால் இதற்கும் விலை கொடுப்பவர் ஒருவர் உண்டு, அது மண். மரத்தின் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகியவை தண்டில் இருப்பதைவிட ஊசியிலையிலும் சிறு கிளையிலும் எடைக்கு எடை பலமடங்கு செறிந்திருக்கின்றன. அவற்றைக் காட்டிலேயே விட்டால் மக்கி மண்ணுக்குத் திரும்பும். வண்டியில் ஏற்றினால் மண் வறுமையடையும். எனவே கிளைகளை ஒரு கோடைக்காலம் காட்டிலேயே குவித்து வைத்து, ஊசியிலைகள் காய்ந்து உதிர்ந்த பின்னர் எடுப்பது அங்கே வழக்கமாயுள்ளது. கழித்த கிளைகளை இயந்திரம் செல்லும் பாதையில் மெத்தைபோல் பரப்பி, அதன்மேல் ஓட்டுவதும் உண்டு. சக்கரங்களின் பளு மண்ணை இறுக்காதவாறு அது காக்கிறது.

கிளைகள் பருக்காமல் தடுப்பதும் ஒரு வழியே. மரங்களை நெருக்கி நட்டால் கீழ்க்கிளைகளுக்கு வெளிச்சம் கிட்டாது. அவை மெலிந்தே நின்று இளமையிலேயே பட்டுப்போகும். இடைவெளி மிகுந்தால் கிளை பருக்கும். கிளையின் விட்டம் இரண்டு மடங்கானால் வெட்டப்பட வேண்டிய பரப்பு நான்கு மடங்காகும். எனவே கிளை கழிக்கும் வேலை, மரம் வெட்டும் நாளில் அன்று, கன்று நடும் நாளிலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

முடிவுரை

இக்கட்டுரைக்காகப் படித்தவற்றைச் சென்ற கோடை விடுமுறையில் என் தந்தையாரிடம் கூறினேன். ஆர்வெஸ்டரைப் பற்றிக் கேட்டுச் சிரித்தார். “நிக்கிற இடத்தைப் பத்தி என்னமோ சொன்னியே, அதைச் சொல்லு தம்பி” என்றார். “கத்திக்கும் காலுக்கும் நடுவுல மரம் இருக்கணும்ப்பா, அவ்வளவுதான்” என்றேன். மறுநாள் தோப்பில், முதலில் வெட்டிய இரண்டு சவுக்கு மரங்களைக் குறுக்கே கிடத்தி, மற்றவற்றை அவற்றின்மேல் சாய்த்தார். பழகாத முறையாகையால் முதல் நாள் வேலை பின்தங்கியது. உடன் வெட்டியவர்கள் கேலி பேசினர். நான்காம் நாள் மாலை அவர், “குனியாம வெட்டுறதால சாயங்காலமும் காலையில மாதிரியே கை ஓடுது” என்றார். அதன்பின் கேலி செய்தவர்களுள் இருவர், தங்கள் மரங்களையும் அவ்வாறே கிடத்தத் தொடங்கினர்.

எங்கள் பகுதித் தோப்புகளிலும் இப்போது சங்கிலி ரம்பங்கள் வரத் தொடங்கிவிட்டன. என் அண்ணனும் ஒன்று வாங்க எண்ணியுள்ளார். கடைக்காரர் அது எத்தனை வேகமாக அறுக்கும் என்பதைத்தான் கூறுகிறார். கைப்பிடியில் அதிர்வு தாங்கி உண்டா, சங்கிலித் தடை ஒழுங்காக வேலை செய்கிறதா, அலகு குட்டையானதா என்று கேட்டு வாங்குமாறு அண்ணனிடம் எழுதிக் கொடுத்துள்ளேன். சிறு மரத்தில் நேரம் போவது வெட்டில் அன்று என்பதை மேலே கண்டோம். ஆகவே அறுக்கும் வேகம் சற்றுக் குறைந்த ரம்பத்தால் அவருக்கு இழப்பு மிகுதியில்லை. விரல்களின் உணர்வை இழந்தால் அதனை ஈடு செய்யும் கூலி எந்தத் தோப்பிலும் கிடையாது.

நம்மோடு பயிலும் நண்பர்களுள் பலர் உடலுழைப்பால் வாழும் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். நெசவோ, நடவோ, செங்கல் சூளையோ, உப்பளமோ, ஒவ்வொரு தொழிலிலும் நிற்கும் இடம், தூக்கும் முறை, வெட்டும் வரிசை என்று ஆராய வேண்டியவை பல உண்டு. அவற்றை ஆராய்வதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. கடிகாரமும் குறிப்பேடும் எடுத்துக்கொண்டு, நம் வீட்டார் வேலை செய்யும் இடத்தில் ஒருநாள் உட்கார்ந்தாலே போதும். அவ்வாறு குறிப்பெடுத்த நண்பர்கள் அடுத்த ஆண்டு மலரில் எழுதினால், முதலில் படிப்பவன் நானாக இருப்பேன்.